எண் விடுபட்ட வரி

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். 26 ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் விடுபட்ட ஒற்றையும் இடம் மாறிய காற்புள்ளியையும் தேடிக்கொண்டிருக்கிறேன். தத்துவத்துக்கு நான் வந்த வழியும் இந்த மேசைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தன்வரலாற்று நூலின் மறுபதிப்பு என்னிடம் வந்தது. எழுதிய அம்மையார் அப்போது உயிரோடு இல்லை. முதல் பதிப்பில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘எனக்கு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள்.’ எத்தனை வயது என்று இல்லை. அச்சுக் கோத்தவர் எண்ணை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்; 11 வந்தது. 11 என்று எழுதி அனுப்பிவிட்டேன். நூல் வெளிவந்த பிறகு, அவருடைய மகள் கையெழுத்துப் பிரதியைக் காட்டினார். அந்த வரியில் ‘எனக்கு’ என்ற சொல்லுக்கு அடுத்து அரை அங்குலம் வெறுமையாக இருந்தது. பேனா அங்கே நின்றிருக்கிறது, எண்ணை எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறது. விசாரித்து எழுதலாம் என்று விட்டாரோ, எழுத மனம் வரவில்லையோ, தெரியாது. அவர் விட்டுவைத்த இடத்தை நான் நிரப்பிவிட்டேன். இப்போது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘11 வயதில் தாயை இழந்தவர்’ என்றே எழுதுகிறார்கள்.

அந்த வருத்தம் ஆறாதிருந்த நாட்களில்தான் 17-ஆம் நூற்றாண்டின் டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் ‘இறையியல்-அரசியல் ஆய்வுரை’யைப் படித்தேன். 20 அதிகாரங்கள் கொண்ட நூல். 9-ஆம் அதிகாரத்தில் சவுல் அரசனைப் பற்றிய ஒரு வரிக்கு வந்தபோது, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலருகில் நின்றேன்.

அது வேதாகமத்தில் சாமுவேலின் முதல் நூலில், 13-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். எபிரேய மூலத்தைச் சொல்லுக்குச் சொல் படித்தால், சவுல் அரசனானபோது ஒரு வயதுக் குழந்தை, இரண்டு ஆண்டுகள் ஆண்டான் என்று வரும். இதற்கு நூற்றாண்டுகளாக எத்தனையோ சமாதானங்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பினோசா சமாதானம் சொல்லவில்லை. அரசனானபோது சவுலின் வயது என்ன என்ற எண் இங்கே விழுந்துவிட்டது, இது யார் கண்ணுக்குத்தான் தெரியாது என்று கேட்கிறார். அடுத்து அந்த இரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்கிறார். அதே நூலின் 27-ஆம் அதிகாரத்தில், சவுலுக்கு அஞ்சி ஓடிய தாவீது பெலிஸ்தரிடம் ஓர் ஆண்டும் நான்கு மாதமும் இருந்ததாக வருகிறது. அப்படியானால் சவுலின் ஆட்சியில் நடந்த மற்றதெல்லாம் எட்டே மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். யார் நம்புவார்கள்? கூட்டிக் கழிக்கும் அந்தக் கையை எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அவர் கணக்கை எண் தொலைந்திருக்கிறது என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். தொலைந்த எண் இதுதான் என்று ஒன்றை எழுதிவைக்கவில்லை.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். சவுல் அரசாளத் தொடங்கி ஒரு வருடமாயிற்று என்று அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. தடுக்கி விழ ஒரு கல்கூட இல்லை.

இன்னோர் இடம். ஆதியாகமத்தின் 4-ஆம் அதிகாரம், காயீனும் ஆபேலும். எபிரேயத்தில் ‘காயீன் தன் சகோதரனாகிய ஆபேலிடம் சொன்னான்’ என்று இருக்கிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்த வரியில் இருவரும் வயலில் இருக்கிறார்கள், கொலை நடந்துவிடுகிறது. அவன் என்ன சொன்னான் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் வெற்றிடம் இருக்கிறது என்கிறார் ஸ்பினோசா. ஏடெழுதியவர்கள் இப்படி விட்ட இடங்கள் 28 என்றும் எண்ணிச் சொல்கிறார். தமிழில் ‘பேசினான்’ என்று மொழிபெயர்த்து அந்த வெற்றிடத்தை மூடியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. மூடுவது எவ்வளவு இயல்பாகக் கைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்பினோசாவுக்கு இந்த எழுத்துகள் வெளியிலிருந்து கற்றவை அல்ல. 1632-இல் ஆம்ஸ்டர்டாமில் போர்ச்சுகீசிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எபிரேயம் சிறுவயதிலேயே படித்த மொழி. 1656 ஜூலை 27 அன்று, 23 வயதில், அவரை அந்தச் சமூகம் விலக்கிவைத்தது. பகலிலும் இரவிலும், படுக்கும்போதும் எழும்போதும் சபிக்கப்பட்டவன் என்று சொல்லும் அந்த ஆணையின் கடைசி வரிகள்தான் என்னை உறுத்துபவை: யாரும் அவனோடு ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவன் எழுதிய எதையும் படிக்கக் கூடாது. அப்போது அவர் ஒரு நூலும் வெளியிட்டிருக்கவில்லை. வராத எழுத்துக்கே தடை வந்துவிட்டது. பிறகு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். ரைன்ஸ்பர்க், ஃபோர்பர்க், கடைசியில் ஹேக் என்று வாடகை அறைகளில் வாழ்ந்தார்.

1665-இல் லண்டனில் இருந்த ஓல்டன்பர்க் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வேதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அதற்கான காரணங்களையும் தருகிறார். இறையியலாளர்களின் முன்முடிவுகள் மக்களைச் சிந்திக்கவிடாமல் தடுக்கின்றன. தன்னை நாத்திகன் என்று ஊர் சொல்வதை மறுக்க வேண்டும். நினைத்ததைச் சொல்லும் உரிமையைப் போதகர்களின் அதிகாரமும் துணிச்சலும் நசுக்குகின்றன, அதைக் காக்க வேண்டும். நூல் 1670-இல் வந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்ட ஊர் ஹாம்பர்க் என்று தலைப்புப் பக்கம் சொல்கிறது. உண்மையில் ஆம்ஸ்டர்டாமில் யான் ரியூவெர்ட்ஸ் வெளியிட்டார்.

இந்த நூலைப் படிக்கிறவர்களில் பலர் நேராக 20-ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறார்கள். அரசின் நோக்கம் உண்மையில் சுதந்திரமே என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசைப் பற்றிய பேச்சு தொடங்குவதே 16-ஆம் அதிகாரத்தில்தான். அதற்கு முன் 15 அதிகாரங்கள் தீர்க்கதரிசிகளையும் அற்புதங்களையும் எழுத்துகளையும் பாடபேதங்களையும் பேசுகின்றன. ஒரு மனிதர் பேச்சுரிமைக்காக வாதாட உட்கார்ந்து, நூலின் முக்கால் பங்கை ஒரு பழம்பனுவலை எப்படிப் படிப்பது என்பதற்குச் செலவிட்டிருக்கிறார் என்றால், அடித்தளம் அங்கே இருக்கிறது என்றுதான் பொருள். அதைத் தாண்டிக் குதித்தால் 20-ஆம் அதிகாரம் வெறும் நல்லெண்ணமாக நின்றுவிடும்.

7-ஆம் அதிகாரத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. இயற்கையை ஆராயும் முறைதான் வேதத்தை ஆராயும் முறையும் என்கிறார். மொழியின் இயல்பைத் தெரிந்துகொள். ஒவ்வொரு நூலும் எதைப் பற்றி என்ன சொல்கிறது என்று திரட்டு. எழுதியவர் யார், எப்போது, யாருக்காக, எந்த மொழியில் எழுதினார் என்று கேள். ஏடு யார் யார் கைகளில் போயிற்று, எத்தனை பாடங்கள் உண்டு, இவை புனித நூல்கள் என்று முடிவு செய்தது யார் என்று கேள். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் வேலைக்குச் சேரும் முதல் நாளில் சொல்லித்தரும் பாடம் போலவே இருக்கிறது. எபிரேயத்தில் உயிர்க்குறிகள் பிற்காலத்தவர் இட்டவை, நிறுத்தக்குறிகளும் அப்படித்தான், பல பழங்களின், பறவைகளின், மீன்களின் பெயர்களுக்குப் பொருளே மறந்துபோயிற்று என்று அடுக்குகிறார். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமல் எழுதியதைப் படித்துப் பழகியவர்கள் இந்தப் பகுதியை மற்றவர்களைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள். அங்கே எகரமா ஏகாரமா என்று திகைத்து நிற்கும் கணம் ஒன்று உண்டல்லவா, அதே கணம்தான் இது.

8-ஆம் அதிகாரத்தில் மோசேக்கு வருகிறார். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களை மோசேயே எழுதினார் என்பது அன்று யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒப்புக்கொண்ட நம்பிக்கை. ஆனால் உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசேயின் மரணமும் அடக்கமும் வருகின்றன. அவரைப் போன்ற தீர்க்கதரிசி பின்னர் எழும்பவே இல்லை என்றும் வருகிறது. ‘பின்னர்’ என்று சொல்ல, பின்னர் வாழ்ந்த ஒருவர் வேண்டும். உபாகமத்தின் தொடக்கம் யோர்தானுக்கு அப்பால் மோசே பேசியவை என்கிறது. மோசேயோ யோர்தானைக் கடக்கவே இல்லை, கடந்தவர்களுக்குத்தான் அது அப்பால். ஆபிரகாமின் கதையில் ‘அக்காலத்தில் கானானியர் அந்தத் தேசத்தில் இருந்தார்கள்’ என்று ஒரு வரி. எழுதியவரின் காலத்தில் கானானியர் அங்கே இல்லாமல் போயிருந்தால்தான் அப்படி எழுத முடியும்.

இவற்றை முதலில் கண்டவர் ஸ்பினோசா அல்லர். அதை அவரே சொல்கிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆபிரகாம் இப்னு எஸ்ரா என்ற பேரறிஞர் தன் உரையில் இந்த இடங்களைச் சுட்டியிருந்தார். சுட்டிவிட்டு, கானானியர் வரியைப் பற்றி, இதில் ஒரு மறைபொருள் இருக்கிறது, புரிந்தவன் வாய்மூடி இருப்பான் என்று எழுதிவைத்தார். எனக்கு இப்னு எஸ்ராவின் மேல் கோபம் வரவில்லை. எழுதாமலே இருந்திருக்கலாம், ஆனாலும் கதவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுப் போயிருக்கிறார். ஸ்பினோசா அந்தக் கதவைத் திறந்து, மோசே இந்த நூல்களை எழுதவில்லை, பல காலம் கழித்து வாழ்ந்த ஒருவர் எழுதினார், அவர் வேதாகமத்தில் வரும் மறைநூல் அறிஞர் எஸ்றாவாக இருக்கலாம் என்று வெளிச்சத்தில் நின்று சொன்னார்.

இது ஏன் அரசியல்? ஒரு நூலில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை, அதன் பொருளோ மறைவானது என்று வைத்துக்கொண்டால், அதைத் திறக்கச் சாவி வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். அவரை மறுப்பவர் கடவுளையே மறுப்பவர் ஆகிவிடுவார். அப்புறம் சாவிக்காரருக்கு அருகில் வாள்காரரும் வந்து நிற்பார். ஆனால் அந்த நூல் மனிதர் கைகளால் எழுதி, பிரதி எடுத்து, சில இடங்களில் தவறவிட்டு வந்த நூல் என்றால், மொழியையும் வரலாற்றையும் பொறுமையாகக் கற்ற எவரும் அதைப் படிக்கலாம். பொருள் கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 7-ஆம் அதிகாரம் முடிகிறது.

இதனால் வேதம் அழிந்துபோகும் என்று அவர் நினைக்கவில்லை. 12-ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசி, தன்னைப்போல் அயலானையும் நேசி என்ற போதனை எந்த ஏட்டுப் பிழையாலும் கெடவில்லை என்கிறார் அங்கே. எண்கள் தொலையலாம், பெயர்கள் மாறலாம், இது மாறவில்லை, ஏனென்றால் முழு நூலும் இதைத்தான் பேசுகிறது. நம்பிக்கை கேட்பது நீதியும் அன்பும் மட்டுமே. வானம் எப்படிச் சுழல்கிறது என்பதை வேதம் கற்றுத்தர வரவில்லை. சூரியனை நிற்கச் சொன்ன யோசுவா வானியல் வல்லுநராகவும் இருந்திருக்க வேண்டும் என்று நாம் நம்ப வேண்டுமா என்று 2-ஆம் அதிகாரத்தில் கேட்டிருந்ததை இங்கே வைத்துப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்த பிறகு 20-ஆம் அதிகாரத்துக்கு வந்தால் அதன் எடை வேறு. எண்ணங்களை ஆள்வது நாக்குகளை ஆள்வதுபோல் எளிதாக இருந்தால் எல்லா ஆட்சியும் பத்திரமாக இருக்கும், அது நடக்காது. கருத்துகளுக்கு எதிரான சட்டங்கள் நேர்மையானவர்களைத்தான் தாக்கும், பசப்புவோர் எப்படியும் தப்பிவிடுவார்கள். நடிக்கத் தெரியாத நல்லவர்களைக் கொல்லும்போது, கெட்டவர்களை அச்சுறுத்த நிறுத்திய கொலைமேடை, மன உறுதியைக் காட்டும் அரங்காக மாறிவிடுகிறது என்கிறார்.

இந்தப் பத்தியில் எந்தப் பெயரும் இல்லை. எனக்கு ஒரு பெயர் கேட்கிறது: ஆட்ரியான் கூர்பாக்.

மருத்துவமும் சட்டமும் படித்தவர், ஸ்பினோசாவின் தலைமுறை, அவருக்குத் தெரிந்தவர். 1668-இல் டச்சு மொழியில், தன் சொந்தப் பெயரோடு, ஓர் அகராதி வெளியிட்டார். டச்சில் கலந்த அந்நியச் சொற்களையும், சட்டத்தாரும் குருமாரும் சாதாரண மக்களை மிரட்டப் பயன்படுத்தும் சொற்களையும் எளிய மொழியில் விளக்குவது அதன் வேலை. பைபிள் என்ற சொல்லுக்கு, ‘புத்தகம்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல், எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் என்று எழுதினார். அடுத்து ‘இருண்ட இடங்களில் ஒளிரும் விளக்கு’ என்ற நூலை அச்சுக்குக் கொடுத்தார். உட்ரெக்ட் நகர அச்சகத்துக்காரர் பாதியில் பயந்து நிறுத்திவிட்டார். விஷயம் அதிகாரிகளுக்குப் போயிற்று. லைடனில் ஒளிந்திருந்த கூர்பாக்கைப் பிடித்தார்கள். 10 ஆண்டு சிறை, அதன்பின் 10 ஆண்டு நாடுகடத்தல், பெரும் அபராதம். விசாரணையில் ஸ்பினோசாவைப் பற்றிக் கேட்டபோது, போய்ப் பார்த்ததுண்டு, இந்தக் கருத்துகளைப் பற்றிப் பேசியதில்லை என்று சொன்னார். 1669 அக்டோபரில் சிறையிலேயே இறந்தார். சில மாதங்களில் ஸ்பினோசாவின் நூல் வெளிவந்தது, லத்தீனில்.

மொழிதான் இங்கே முக்கியம். லத்தீனில் எழுதினால் அறிஞர்கள் படிப்பார்கள், நகரத் தலைவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். டச்சில் எழுதினால் மாலுமியும் படிப்பான். 1671 பிப்ரவரியில் ஸ்பினோசா தன் நண்பர் யாரிஹ் யெல்லெஸுக்கு எழுதினார்: நூலை யாரோ டச்சில் மொழிபெயர்த்துவிட்டார்களாம், அச்சிடப் போகிறார்களாம், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். டச்சில் வந்தால் நூலைத் தடைசெய்துவிடுவார்கள் என்பது அவர் அச்சம். நண்பர்கள் தடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவரின் நூல் ஆம்ஸ்டர்டாம் மக்களின் மொழியில் அச்சேற 1693 ஆயிற்று. அவர் இறந்து 16 ஆண்டுகளுக்குப் பின்.

வாழ்நாள் முழுதும் என் மக்களின் மொழியில் வரும் எழுத்தைத் திருத்திக்கொண்டிருப்பவள் நான். அந்தக் கடிதம் எனக்கு வலிக்கிறது. பொருள் கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று எழுதியவரே, எல்லோருக்கும் தெரிந்த மொழியில் அது வரவேண்டாம் என்கிறார். பாமர மக்கள் இதைப் படிக்க வேண்டாம் என்று முன்னுரையிலும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கூர்பாக்கின் சிறைக் கதவு மூடிய ஓசை அடங்காத காலம் அது. அஞ்சியவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? கூர்பாக்கை அதிகம் நேசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அச்சம் வீணானதும் அல்ல. 1672 ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரில், குடியரசை ஆண்ட யோஹான் டி விட்டையும் அவர் அண்ணன் கார்னேலிஸையும் ஒரு கும்பல் தெருவில் அடித்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது. 1674 ஜூலையில் ஹாலந்தில் ஸ்பினோசாவின் நூல் தடைசெய்யப்பட்டது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹாப்ஸின் ‘லெவயதான்’ நூலும் அதே ஆணையில் தடைபட்டது. ஸ்பானிய மருத்துவர் ஒருவரின் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் இட்டு ஸ்பினோசாவின் நூலை விற்றிருக்கிறார்கள். லத்தீன் மட்டும் காப்பாற்றிவிடவில்லை.

19-ஆம் அதிகாரத்தை நான் ஏற்கவில்லை. வெளிப்படையான வழிபாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கே என்கிறது அது. குருமாரிடமிருந்து பிடுங்கிய சாவியை அரசன் கையில் கொடுத்தால், அரசன் மட்டும் என்ன செய்வான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் ஸ்பினோசா எழுதிய ‘அரசியல் ஆய்வுரை’ என்ற வேறொரு நூலில், மக்களாட்சியைப் பற்றிய 11-ஆம் அதிகாரம் நான்கு பத்திகளில் நின்றுவிடுகிறது. அந்த நான்காம் பத்தியில், பெண்கள் இயல்பிலேயே ஆண்களுக்குச் சமமானவர்கள் அல்லர், ஆகவே ஆட்சியில் பங்கு இல்லை என்கிறார். எபிரேய எழுத்து ஒவ்வொன்றையும் யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று கேட்டவர், உலகெங்கும் ஆண்கள்தான் ஆள்கிறார்கள் என்பதை யார் எழுதிய ஏடு என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தொடர்ந்து எழுதியிருந்தால் மாற்றியிருப்பாரோ என்று நினைக்க ஆசைதான். நினைக்கலாம், எழுதிவைக்கக் கூடாது.

1677 பிப்ரவரி 21 அன்று, 44 வயதில், ஹேக் நகரில் இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் இருந்த மேசை ஆம்ஸ்டர்டாமுக்கு, ரியூவெர்ட்ஸிடம் போயிற்று. அதே ஆண்டில் நண்பர்கள் எல்லாவற்றையும் தொகுத்து அச்சிட்டார்கள். முடியாத அந்த அதிகாரத்தை அவர்கள் எளிதாக முடித்துவைத்திருக்கலாம். அவர் மனம் அவர்களுக்குத் தெரியும், லத்தீனும் தெரியும். முடிக்கவில்லை. மற்றவை கிடைக்கவில்லை என்று பொருள்படும் இரண்டே லத்தீன் சொற்களை அந்த இடத்தில் அச்சிட்டார்கள்.

தன்வரலாற்று நூலின் அடுத்த பதிப்பு வரப்போகிறது. அந்த 11-ஐ எடுத்துவிடும்படி கேட்டிருந்தேன். வாசகர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்களே என்று பதிப்பகத்தில் தயங்குகிறார்கள். கையெழுத்துப் பிரதியில் இங்கே இடம் விடப்பட்டிருக்கிறது என்று அடிக்குறிப்பு ஒன்று போடுங்கள், வரியில் அரை அங்குலம் போதும் என்று நேற்று பதில் எழுதினேன்.